நாய் செத்துப்போச்சு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்
நாற்பதாவது எபிசோடில் வந்தது.
கூரைத் தகரம் அறுபத்திரண்டில்.
என் பல்லுக்குக் கம்பி கட்டியது
அக்கா, கண் தெரியாத பூக்காரச் சிறுமியாக,
கெஸோன் சிட்டி செட்டில்
குழாய் மழையில் நனைந்த வாரம்.

அப்போது அவளுக்கு ஏழு வயது.
லுவால்ஹாத்தி என்றால் டைட்டிலில் இடிக்கிறதென்று
டிங்டிங் ஆக்கினார்கள்.
கேமரா ஓடுமுன் இயக்குநர் குனிந்து
காதில் ஒரே வரி சொல்வார்:
உன் நாய் செத்துப்போச்சு.
உடனே கொட்டும்.
கிளிசரின் மிச்சம் என்று தயாரிப்பாளர்
கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை அனுப்பினார்.

நாயோ மரிகினாவில்
எங்கள் மாடிப்படிக்கு அடியில்
கொழுகொழுவென்று இருந்தது.
நூற்றெண்பது எபிசோடில்
நூற்றெண்பது முறை செத்து
ஒவ்வொரு இரவும்
வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

பிறகு அம்மாவுக்கு விசா வந்தது.
வின்னிபெக்.
மூக்குக்குள் முடி உறையும் ஊர்.
இங்கே அவள் பெயரை இன்னும் வெட்டி
லூ என்றார்கள்.
ஆடிஷனுக்குப் போனால் நர்ஸ்.
இல்லாவிட்டால் நர்ஸுக்குப் பின்னால் நிற்கும் நர்ஸ்.
ஒருமுறை மட்டும் பிணம்.
மூச்சை நன்றாக அடக்கினாய் என்றார்கள்,
படத்தில் அந்தக் காட்சி இல்லை.

சார்ஜென்ட் தெருவில் எங்கள் ஊர்க் கடை.
கருவாட்டை நிறுத்துக்கொண்டே கல்லாக்காரி
டிங்டிங்தானே நீ, ஒரு சொட்டு, ஒரே சொட்டு, என்பாள்,
போனைத் தூக்கிப் பிடித்தபடி.
மணிக்கு இருபத்தாறு டாலர் என்பாள் அக்கா.
கேலி இல்லை, அதுதான் அவள் சம்பளம்:
மருத்துவக் கல்லூரித் தேர்வுகளில்
பொய் நோயாளி, பொய் மனைவி, பொய்த் தாய்.

நாய் நிஜமாகவே செத்தது
போன பிப்ரவரியில்.
சித்தப்பா வீடியோவில் துணியை விலக்கிக் காட்டினார்.
அக்கா சோற்றில் முட்டையை உடைத்துக்கொண்டே
இதை முன்னமே கேட்டாச்சு என்றாள்.
நான்தான் எழுந்து போய்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன்.

நேற்றைய தேர்வில்
மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து
கெட்ட சேதியை நல்லவிதமாகச் சொல்லவேண்டும்.
எட்டு நிமிடம். மணி. அடுத்தவர்.
உங்கள் கணவர் பிழைக்கவில்லை என்று
பதினோரு பேர் சொன்னார்கள்.
பதினோரு கணவர்களுக்கும்
கூடாமல் குறையாமல் அழுதாள்.
பிள்ளைகளின் மதிப்பெண் ஆயிற்றே.

பன்னிரண்டாவது பையனுக்குக்
காதுமடல் சிவந்தது.
மனப்பாடம் செய்த வரி மறந்தது.
டிஷ்யூ பெட்டியை நகர்த்தினான், காலி.
சட்டைப்பையைத் துழாவி
ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து
என்ன செய்கிறோமென்று தெரியாமல் நீட்டினான்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை.
டிக்கெட்டை வாங்கி மடித்தாள்.
அவனுக்குப் பதினைந்து வயசு, என்றாள்,
மாடிப்படிக்கு அடியில்தான் படுப்பான்.
கணவனுக்கா என்று பையன் கேட்கவில்லை.
நாற்காலியை இழுத்துப்போட்டு
எந்தப் பக்கம் தலை வைத்து, என்று கேட்டான்.

மணி அடித்தது.

ஸ்கிரிப்டில் மாடிப்படியே இல்லையே என்றார்
மேற்பார்வையாளர்.
அக்கா படிவத்தில்
காதுகொடுத்துக் கேட்டாரா என்ற கட்டத்தில்
பேனா கிழிய ஒரு டிக் போட்டாள்.

காரில் ஹீட்டர் சூடாகும்வரை பேசவில்லை.
பிறகு, வியாழக்கிழமை ஷூட்டிங் என்றாள்.
நர்ஸ்தான். ஆனால் வசனம் உண்டு.
ஒரு வரி: டாக்டர் உங்களை வரச் சொல்கிறார்.
போர்ட்டேஜ் அவென்யூ நெடுக
அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
அவசரமாக. தூக்கக் கலக்கத்தில்.
இரண்டு ஷிஃப்ட் முடித்த அம்மாவின் குரலில்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
பனியைப் பார்த்தபடி
மெதுவாக இன்னொருமுறை சொன்னாள்.

நான் சீட் பெல்ட்டைக் கழற்றியிருந்தேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.