லிவ் அப் டு

மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்து
கிரிம்ஸ்பி மீன் ஆலை தந்த கடிதத்தில்
எல்லாமே தெரிந்த சொற்கள்.
லிவ் தெரியும், வகுப்பின் முதல் வாரமே படித்தது.
அப், மாடிப்படிக்கு வழிகாட்டும் அம்புக்குறி.
டு, பேருந்தின் நெற்றியில்
ஊர்ப்பெயருக்கு முன்னால் நிற்பது.
மூன்றும் தோளில் கைபோட்டு வந்தபோதுதான்
யாரென்று பிடிபடவில்லை.

வாழ், மேலே, வரை.
லித்துவேனியனில் கூட்டிப் பார்த்தேன்.
மாடியில் குடியேறச் சொல்கிறார்களா?

புதன் மாலை, நூலகத்தின் பின்னறை.
ஆசிரியை பிரையனிக்கு இருபத்து நான்கு வயது,
எனக்கு நாற்பத்தேழு.
நகம் கடித்தபடி பலகையில் எழுதினாள்:
எதிர்பார்த்த அளவுக்கு இருத்தல்.
ஆளுக்கொரு வாக்கியம், ம், ஆரம்பியுங்கள்.

முடிதிருத்தும் ஹேமின் சொன்னான்,
இந்த ஊர்க் கோடை பேருக்கேற்ற கோடையாக இல்லை.
ஒடெட்டின் கணவர்
கல்யாணப் போட்டோவுக்கு ஏற்றபடி இல்லையாம்.
சிரித்தோம்.
ஒடெட் சிரிக்கவில்லை.

நான் கடிதத்தை விரித்து
'டைவா' என்று தொடங்கும் வரியில் விரல் வைத்தேன்.
பிரையனி வாசித்தாள். நகத்தை விட்டுவிட்டாள்.

அந்த மேலே, எவ்வளவு மேலே?
மணிக்குப் பன்னிரண்டு பெட்டி என்றார்கள், எட்டினேன்.
பதினாலு என்றார்கள்,
கையுறைக்குள் விரல் விறைக்க எட்டினேன்.
பதினாறு.
நான் ஏற ஏற
ஏணியின் தலையில் யாரோ
புதுப் படி அடித்துக்கொண்டே போகிறார்கள்.

ஒரு சந்தேகம், என்றேன்.
எதிர்பார்த்தது நானாக இருந்தால்?
கைகழுவ வெந்நீர் வரும் என்றார்கள்,
சனிக்கிழமை விடுப்பு என்றார்கள்,
என் பெயரைச் சரியாக எழுதுவார்கள் என்று
நானாகவே நினைத்துக்கொண்டேன்.
அப்போது ஆலையை எழுவாயாக்கலாமா?

அவள் கூரையைப் பார்த்தாள்.
இலக்கணப்படி சரிதான்.
கொஞ்சம் கழித்து,
ஆனால் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு கட்டம், பணியாளர் கருத்து.
தீப்பெட்டி அளவு.
ஆலையில் தொடங்கினேன்.
இல்லை என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன் போல,
லிவ் அப் டு வந்து சேர்வதற்குள்
கட்டம் தீர்ந்துவிட்டது.

பிரையனி எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள்.
வாக்கியத்தைத் தொடவில்லை.

கடைசிச் சொல்லுக்கு மட்டும் இடமில்லை.
தாளைத் திருப்பி
ஓரத்தில் செங்குத்தாக
ஏற்றி எழுதினேன்:
மீ.