இளஞ்சிவப்பு நிற்கும் நேரம்

இரவு ஷிஃப்ட். குடிகாட்டுப் பக்கம் காற்று திரும்பினால்
சிப்காட்டின் நாற்றம் சிப்காட்டுக்கே வரும்.
லேபில் நானும் ஒரு பியூரெட்டும்
ஏசி ஒழுகுவதற்கு வைத்த வாளியும்.

இரண்டேகாலுக்குக் கலியமூர்த்தி வருவார்,
இரண்டாம் பிளான்ட்டின் சூட்டைச் சட்டையில் சுமந்து.
சாம்பிள் பாட்டிலை வைத்ததும் போகமாட்டார்.
போனை நீட்டுவார்.
"மேடம், நம்ம சிப் கம்பெனி. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது."

நம்ம என்கிறார்.
ஆயிரத்து இருநூறில் வாங்கிய நாற்பது பங்கு.
எங்கோ வெள்ளை அங்கி மாட்டியவர்கள்
மணலில் பிறந்த ஒரு தகட்டை
நகக்கண் அளவுக்கு நறுக்கிக்
கால் முளைக்க வைக்கிறார்கள்.
அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.
எனக்கு அதற்குமேல் ஒரு ஸ்பூன்.

"இன்னொரு நாப்பது போடலாமா?"
தீபாவளி போனஸ் வந்திருந்தது.

அறிக்கையைத் திறந்தேன்.
லாபம் முப்பத்தொரு சதவீதம் வளர்ந்ததாக
முதல் பக்கம் சொன்னது. பொய்யில்லை.
நான்கு காலாண்டும் கூட்டினால்
பங்குக்கு இருபத்து மூன்று ரூபாய்;
விலை அதற்கு எண்பது மடங்கு.
எண்பதை முப்பத்தொன்றால் வகுத்தேன்:
இரண்டரையும் கொஞ்சமும்.
ஒன்று வந்தால் நியாயவிலை என்பார்கள்.
ஒன்றரை வரை ஆசைக்கு விட்டுக்கொடுக்கலாம்.

பிறகு பதினான்காம் குறிப்பு,
எறும்பு எழுத்தில்.
பழைய நிலம் ஒன்றை விற்றிருக்கிறார்கள்.
ஒரே நிலத்தை இரண்டு தடவை விற்க முடியாது.
அதை வடிகட்டிவிட்டுப் பார்த்தால்
வளர்ச்சி பத்தொன்பது,
விலை எண்பத்தெட்டு மடங்கு.

பியூரெட்டைத் திருகினேன்.
சொட்டு.
சொட்டு.
குடுவையின் அடியில் ஒரு சிவப்பு
சுழன்று, மறைந்தது.

கால்குலேட்டரை ஐந்து முறை தட்டினேன்.
வருடா வருடம் பத்தொன்பது,
கரண்ட் போகாமல், கிராக்கி குறையாமல்,
வேறொருவன் மலிவாகச் செய்து கெடுக்காமல்
ஐந்து வருடம் வளரட்டும்.
விலை இதே இடத்தில்
ஒரு பைசா ஏறாமல் நிற்கட்டும்.
அன்றைக்கும் முப்பத்தேழு மடங்கு.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பைப்
பூவிலேயே பேசி முடிப்பவர்கள் உண்டு.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
வானத்தைப் பார்ப்பார்கள்.
இது பூவுக்கும் முன்னால்.
அடுத்த ஐந்து பூவுக்கும் சேர்த்து.

"கம்பெனி நல்ல கம்பெனிதான்" என்றேன்.
"விலை அதுக்கு முன்னாடி ஓடிப்போய்
பஸ் ஸ்டாண்டுல நிக்குது."
"பஸ்ஸு எடுத்துட்டா என்ன மேடம் பண்றது?"

எடுத்துத்தான் விட்டார்கள்.
தை பிறப்பதற்குள் இரண்டாயிரத்து நூறு.
ஷிஃப்ட் முழுக்கக் கலியமூர்த்தி செலவில் போண்டா.
எனக்கு மட்டும் இரண்டு.
ஆறுதலா, நக்கலா, கேட்கவில்லை.
சட்னி தொட்டுத் தின்றேன்.

வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில்
கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.
உப்பனாற்றுப் பாலம் வந்தது, முதுநகர் வந்தது.
ஒரு எண்ணும் பிசகவில்லை.
எனக்கு அது அன்று போதவில்லை என்பதையும்
ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்று மறுபடி இரண்டேகால்.
நாளை மதியம் ரிசல்ட்.
விற்க இந்த நிலமும் இல்லை இனி அவர்களிடம்.
கடைசிச் சொட்டு விழுந்ததும்
குடுவை முழுக்க இளஞ்சிவப்பு.
உடனே ரெஜிஸ்டரில் ஏற்றக்கூடாது.
முப்பது நொடி நிற்க வேண்டும் நிறம்.
நின்றால்தான் அளவு.

கலியமூர்த்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேசையோரம் குனிகிறார்.
இருவரும் பார்க்கிறோம்.
பதினேழு.
பதினெட்டு.
பத்தொன்பது.