ஆறு கோர்

மதர்போட்டை முதல் வாங்கினது என்ர பிழைதான்.
விலை இறங்கிக் கிடந்தது, வாங்கிப்போட்டன்.
ஒரு மாசமாய் அலுமாரிக்கு மேல, பெட்டிக்குள்ள.
நடுவில ஒரு சதுரம் வெறுமையாய்,
ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ஊசிகள்
ஒண்டையொண்டு தொடாமல்
மேல பாத்தபடி.

ஸ்ரான்லி வீதியில நாலு கடை.
முதல் கடையில முடிஞ்சுது.
ரெண்டாவதில வரும்.
மூண்டாவதில விலையைச் சொல்லிச்சினம்,
சாமானைக் காட்டேல்லை.
நாலாவதில ஜெனோசன்,
இல்லை எண்டு சொல்லத் தெரியாத பெடியன்.
"எட்டுக் கோர் முடிஞ்சுதக்கா, ஆனா..." எண்டு தொடங்குவான்.
அந்த ஆனாவுக்குள்ள
ஒரு கதிரையும் ஒரு பிளேன்ரீயும் இருக்கும்.

ஆனா, பன்ரண்டு கோர் இருக்கு.
அது என்ர ஸ்ரூடியோவின்ர நாலு மாச வாடகை.
ஆனா, போன தலைமுறை எட்டுக் கோர் இருக்கு.
இருக்கு, ஆனா என்ர போட்டில இருக்காது.
ஆனா, ஆறு கோர்.

மூண்டு கமெரா, ஒரு ட்ரோன்,
ஏழுதரம் உடுப்பு மாத்தின பிள்ளை.
இணுவிலில நடந்த சாமத்திய வீடு
வெள்ளிக்கிழமைக்குள்ள ரொறன்ரோ போகவேணும்.
அங்க பெரியப்பா ஒராளுக்குக் கண் ஒப்பரேசனாம்,
அதுக்கு முதல் பாக்கவேணுமாம்.
பிறகு பாத்தால் வடிவாய்த் தெரியுமே எண்டு
நான் கேக்கேல்லை.

பக்கத்துக் கதிரையில
பிரிண்டர் திருத்த வந்தவர் செருமினார்:
"அந்தக் காலத்தில ஒரு பற்றரிக்கே..."
ஐயா, வேண்டாம்.
அது வேற இல்லாமை.
அதுக்கு ஆரோ ஒராள் கையெழுத்து வைச்சவர்.
இதுக்கு ஆரைப் பேசுறது?
எங்கையோ ஊரளவு மண்டபம் கட்டி
உள்ளதெல்லாத்தையும் அள்ளி அடுக்கிப்போட்டாங்களாம்.
அந்த மண்டபத்துக்குக் கதவு எந்தப் பக்கம் எண்டுகூட
எனக்குத் தெரியாது.

அப்பதான் கண்டன்.
கண்ணாடி அலுமாரியில, மேல் தட்டில, எட்டுக் கோர்.
பெட்டியில ரேப் ஒட்டின துண்டு:
நிதர்சன், கொக்குவில், அட்வான்ஸ் 20.
ஜெனோசன் துண்டைப் பாத்தான், என்னைப் பாத்தான்.
"அவர் ரெண்டு கிழமையா இந்தப் பக்கமே இல்லை.
நீங்கள் ஒரு பத்து கூட வைச்சால்..."

நிதர்சனை எனக்குத் தெரியும்.
போன தையில என்ர ரெண்டு கலியாணத்தைக்
குறைச்ச விலைக்குப் பிடிச்சவன்.
துண்டில கையெழுத்து அவன்ர தான்,
பேனை கிழிக்கிற அளவுக்கு அழுத்தி,
ஆரும் எடுத்திடுவினம் எண்ட பயத்தோட.
"ஆறைத் தா" எண்டன்.
நல்ல மனம் எண்டு நினையாதேங்கோ,
என்னட்டப் பத்தும் இல்லை.

வீட்டை வந்து
மூலை முக்கோணத்தை மூலைக்கு வைச்சு
நெம்பை அமத்தேக்க
நெருநெரு எண்டு ஒரு சத்தம்.
உடைஞ்சுதோ?
இல்லை, அது அப்பிடித்தானாம்.
பயறளவு பசை. மேல விசிறி.
வெளிச்சம் வந்துது.

எட்டெண்டால் ரெண்டு மணித்தியாலம்.
ஆறுக்கு மூண்டு, இன்னும் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்துக்குள்ள
சும்மா இருக்க மாட்டாமல்
வெட்டி எறிஞ்ச துண்டுகளை ஓடவிட்டுப் பாத்தன்.
நாலாவது உடுப்பில,
ஆரத்தித் தட்டு வாறதுக்கு முதல்,
ஆரும் தன்னைப் பாக்கேல்லை எண்டு நினைச்சு
பிள்ளை ஒரு கொட்டாவி விட்டிருக்கிறா.
வாய் நிறைய.
கடைவாய்ப் பல்லும் தெரியுது.
பிறகு கமெராவைக் கண்டு
ஒரு சின்னச் சிரிப்பு.
நாள் முழுக்கச் சிரிச்ச சிரிப்பில
அது ஒண்டுதான் அவவின்ர.

அறுபத்தொரு வீதத்தில நிப்பாட்டினன்.
கொட்டாவியை இருந்த இடத்தில வைச்சன்.
மூண்டு செக்கன்.
திரும்பப் பூச்சியத்தில இருந்து
விசிறி இரையத் தொடங்கிச்சுது.