தாவெத் இன்னும் திரும்பவில்லை

வில்யாந்தியில் பிப்ரவரி.
மழலையர் பள்ளி முற்றத்தில் கணுக்கால் அளவு பனி,
நேற்றிரவு விழுந்தது, யார் காலும் படாதது.
விளக்குக் கம்பத்தடியில் தாவெத்.
வயது ஆறு. ஒரு கையுறையைத் தொலைத்தவன்.

என் கையில் ஒரு யூரோ.
பூவுமில்லை இதில், தலையுமில்லை.
ஒரு பக்கம் எஸ்தோனியாவின் படம், மறுபக்கம் எண்.
படம் விழுந்தால் வேலிப் பக்கம் ஓரடி,
எண் விழுந்தால் சமையலறைப் பக்கம் ஓரடி.
விதி அவ்வளவுதான்.
சமவாய்ப்பு நடை என்ற சொல்லைக்
கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

படம். படம். எண்.
படம், படம், படம், படம்.

"காசுக்கு அவன்மேல கோபம்," என்றாள் லோவீசே.
"அடுத்தது எண்தான். அதோட முறை வந்தாச்சு," இது மேலி.
காசுக்கு முறை தெரியாது,
போன தடவை எப்படி விழுந்தோம் என்பதே
அதற்கு ஞாபகமில்லை என்றேன்.
"ஒண்ணுமேவா?"
"ஒண்ணுமே."
"பாவம்," என்று காசை வாங்கி
உள்ளங்கையில் பொத்தி ஊதினாள்.

காசு மறந்ததையெல்லாம்
பனி குறித்து வைத்திருந்தது:
போன தடம், வந்த தடம்,
ஒரு குழிக்குள் எதிரெதிராக இரண்டு பூட்ஸ்.

"நான் கம்பத்துக்குத் திரும்பிடுவேனா?"
ஐந்தடி தள்ளி நின்று தாவெத் கேட்டான்.
நிச்சயமாக. நிரூபணம் உண்டு;
வியாழக்கிழமைப் பரீட்சையில் நானே அதை எழுத வேண்டும்.
"எப்போ?"
அது அடுத்த பக்கத்தில் இருக்கிறது:
இப்படிப் புறப்பட்ட எல்லோருடைய காத்திருப்பையும்
சராசரி பார்த்தால்
அது எந்த எண்ணிலும் நிற்காது.
நிச்சயம் வருவான் என்ற பக்கமும்
முடிவில்லை என்ற பக்கமும்
ஒரே பையனைப் பற்றித்தான்.
"சூப்புக்கு முன்னாலயா?"
"தெரியாது," என்றேன்.

மணி அடித்தது.
பீட்ரூட் வாசனை கதவைத் தாண்டி வந்தது.
எல்லோரும் ஓடினார்கள்.
காசு கூப்பிடாமல் வரமாட்டேன் என்று
அவன் மட்டும் நின்றான்.
மேலி பாதி வழியில் திரும்பி வந்து சுண்டினாள்.
எண். எண். எண்.
படம் (தாவெத் பல்லைக் கடித்தான்).
எண். எண்.

கம்பத்துக்கு ஒரே ஓரடி.

அடுத்து சுண்டியது அவள் கையுறையில் வழுக்கிப்
பனிக்குள் செருகிக்கொண்டு
விளிம்பில் நின்றது.
படமும் காட்டவில்லை, எண்ணும் காட்டவில்லை.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
அரையும் அரையும் ஒன்று என்று
எத்தனை தாளில் எழுதியிருப்பேன்.
இந்த விளிம்புக்கு அதில் இடமே விட்டதில்லை.

"தொடாதீங்க," என்றாள் மேலி, குனிந்த என்னிடம்,
"அது யோசிக்குது."

தாவெத் ஏற்கெனவே ஒரு காலைத் தூக்கியிருந்தான்.
எந்தப் பக்கம் என்று தெரியாத கால்.
அதன் அடியிலிருந்து
கொஞ்சம் கொஞ்சமாகப் பனி உதிர்ந்தது.