மறுகா

பண்டாரவளையில் பஸ் ஏறும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.
அம்பாறை கழிய அது மடிக்கு வந்தது.
கல்முனையில் இறங்கியபோது
யாருடையதோ ஒரு பூனையைத் தூக்கி நிற்பதுபோலிருந்தது.

வெயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
அது அந்த ஊர்க்காரர்.
நான் வாய்பிளந்தது இடைவெளியைப் பார்த்து.
ஓட்டோவுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே
ஒரு தயிர்ச்சட்டி போகிறது,
சுமப்பவர் பிறகுதான் தெரிகிறார்.
கறுப்பு அபாயாவில் ஒருத்தி
ஸ்கூட்டியின் முன்னால் வாழைக்குலை,
பின்னால் இரண்டு பள்ளிப் பிள்ளைகள்,
ஒரு பக்கக் கண்ணாடி இல்லை,
யார் மேலும் படாமல் புகுந்து மறைந்தாள்.
எங்கள் பக்கம் இரண்டு பேர் எதிர்ப்பட்டாலே
ஒருவர் தேயிலைக்குள் ஒதுங்க வேண்டும்.

நான் தராசு திருத்துகிறவன்.
முத்திரை குத்தும் ஐயாவுக்கு முன்னால் உட்கார்ந்து
தட்டைத் தேய்த்து, முள்ளை நேராக்கி அனுப்புவேன்.
சந்தை விறாந்தையில் காலை எட்டு மணிக்கே
நாற்பத்தொரு தராசு.
ஒன்றில் மிளகாய்த்தூள். ஒன்றில் செதில்.
ஒன்றின் முகத்தில் யாரோ பிள்ளை ஒட்டிய கார்ட்டூன் படம்,
இரண்டு கிலோவுக்கு மேல் எதுவும் தெரியாது.
அரிசிக்கடை உதுமாலெவ்வை
தன்னுடையதைச் சாரனில் சுற்றிக்கொண்டு வந்தார்.
"பாத்துத் தொடுங்க மனே, அவ கோவக்காரி."

எல்லார் வாயிலும் ஒரு சொல் இருந்தது.
எங்களுக்கு மறுக்கா என்றால் இன்னொரு தரம்:
மறுக்கா தேத்தண்ணி ஊத்து, மறுக்கா சொல்லு.
ஆகவே உதுமாலெவ்வை "மறுகா?" என்றதும்
ஸ்பிரிங் தளர்ந்த கதையைத் திரும்பச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டார்.
"சரி, மறுகா?"
மூன்றாம் தரம் சொல்லும்போது
பிளேன்டீ கொண்டுவந்த பொடியன்
கிளாஸ் சிந்தச் சிரித்தான்.
பிறகென்ன என்றுதானாம் கேட்கிறார்.

லுஹர் பாங்கு சொல்ல விறாந்தை பாதி காலி.
ஆட்களுக்குப் பதிலாகத் தராசுகள் வரிசையில் நின்றன,
ஒன்றும் முந்தவில்லை.

மீன்காரி தங்கேஸ்வரியினுடையதில்
கிலோவுக்கு இருபது கிராம் பிழை.
அதுவும் வாங்குகிறவர் பக்கம்.
ஒரு வருசமாகக் கூடக் கொடுத்திருக்கிறீர்கள், அக்கா.
கீரியும் சூடையும் பாரையும்
அவள் விரல்கணுக்களில் ஓடிக் கணக்காகி நின்றன.
"மறுகா?"
மறுகா ஒன்றுமில்லை, இப்போது சரி.
"சரியெண்டா எப்பிடி? சனம் பழகிற்று.
இனி நானெல்லோ கையால அள்ளிப் போடணும்."
என்னையே குற்றவாளியாக்கிப் பார்த்துவிட்டு
தராசை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.
பின்னேரம் ஒரு பை கீரி வந்தது,
நிறுக்காமல்.

சம்மாந்துறை வயலுக்குள் பஸ் இறங்கியது.
அத்தனை சனத்துக்குப் பிறகு
ஒரே ஒரு கொக்கு.
பெட்டியைத் திறந்து எண்ணினேன்,
ஐம்பது கிராம் படிக்கல்லைக் காணவில்லை.
பொடியன் எடுத்தானோ,
உதுமாலெவ்வையின் சாரனுக்குள் போனதோ,
எந்தக் கடையின் கதவுக்கு இனி முட்டுக்கொடுக்குமோ.
ஐயா சம்பளத்தில் வெட்டுவார்.

பக்கத்துச் சீட்டுக்காரர் என் பையை மோந்தார்.
கீரியா என்றார்.
ஆமென்று தொடங்கினேன்:
கண்ணாடியில்லாத ஸ்கூட்டி, நாற்பத்தொரு தராசு,
இருபது கிராம், ஐம்பது கிராம்.
அவர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு
காலை நீட்டினார்.
"மறுகா?"