ஐம்பது ஓம்

ஞாயிற்றுக்கிழமை. பீல் நகரில் கடையெல்லாம் பூட்டு.
கைக்கடிகாரங்களைச் சோதிக்கிற எங்கள் ஆய்வுகூடத்தில்
நானும் பன்னிரண்டு சேனல் பெருக்கியும் மட்டும்.

ஒரு வாசலால் உள்ளே வருகிறது துடிப்பு,
நொடிக்கு ஒரு கோடி தடவை.
அதைப் பன்னிரண்டாய்ப் பங்கிட்டு
ஒருவருக்கும் குறையாமல் அனுப்ப வேண்டும்.
பந்தியில் பரிமாறுகிறவனைப் போல என்று சொல்லலாம்,
ஆனால் அவன் ஆள் பார்ப்பான்.

ஏழாம் மேசைக்கு மட்டும் குறைகிறது.
ஒரு வோல்ட் போக வேண்டிய இடத்தில்
புள்ளி ஆறு ஏழு.
பழைய கருவி அதைப் பொறுத்துக்கொண்டது,
போன கிழமை வந்த புதுசு பொறுக்கவில்லை.
பெருக்கியையே மாற்றிவிடுவோம் என்றார் அஷ்லிமான்,
கோட்டை மாட்டியபடி.
பொறுங்கோ என்றேன், ஜெர்மனில்.

மின்னை நிறுத்தினேன். எட்டுத் திருகாணி.
பச்சைப் பலகையில் வரிசையாக ஊசிகள்,
அவற்றின் மேல் கருப்பாய், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாய்
ஜம்பர்கள்.
அம்மாவின் காலத்தில் ஜம்பர் என்றால் ரவிக்கை.
இன்றைக்கு இருபத்துநாலு ஜம்பர் சரிபார்த்தேன் என்று
ஒருமுறை தொலைபேசியில் சொல்லப்போக,
யாருக்கடி தைக்கிறாய் என்று கேட்டா.

கையேடு இரண்டு மொழியில். இந்த ஊரே இரண்டு மொழி.
ஜெர்மன் பக்கத்தில் ஊசிகளை முன்னாலிருந்து எண்ணுகிறார்கள்,
பிரெஞ்சுப் பக்கத்தில் பின்னாலிருந்து.
ஒன்று மூன்றாகவும் மூன்று ஒன்றாகவும் மாறிக்கொள்ள
நடுவில் நிற்கிற இரண்டுக்கு மட்டும் வழக்கில்லை.

உள்வாயில் ஒரு ஜம்பர்: ஐம்பது ஓம்.
தடையின் அளவு. எனக்கோ
ஓம் என்றால் ஆம்.
கேபிளின் கடைசியில் யாரோ ஐம்பது ஓம் சொன்னால்தான்
வந்த அலை அடங்கும். சொல்லாவிட்டால்
வந்த வழியே திரும்பிப் போய்
பின்னால் வருகிற அலையோடு சண்டை பிடிக்கும்.
இரண்டு பேர் சொன்னாலோ
மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும்.

மூன்றில் இரண்டு.
புள்ளி ஆறு ஏழு.

கேபிளைப் பிடித்துக்கொண்டு
மேசைக்குப் பின்னால் தவழ்ந்தேன்.
தூசி. ஒரு பேனா மூடி. முச்சந்தி மாதிரி ஓர் இணைப்பு.
அதில் பிரிந்த இன்னொரு கேபிள்
சுவரின் ஓட்டைக்குள் நுழைந்து
மதாம் நுவார்ஷானின் அறைக்குப் போகிறது.
எந்த வரைபடத்திலும் இல்லாத கேபிள்.
அங்கே அவருடைய கருவி, பச்சை இலக்கங்களோடு,
காட்டிக்கொண்டிருந்தது,
ஞாயிறென்றும் தெரியாமல்.

திரும்பி வந்து மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
உட்புறத்தில் காகித நாடா. பென்சில் எழுத்து:
ஏழு, ஒற்றைக்காலில். வேண்டுமென்றே. ஹெ. ட்சு.

பெருக்கத்தின் ஜம்பரை
இரண்டு ஊசியிலும் மாட்டினால் ஒரு மடங்கு,
கழற்றினால் ஒன்றரை.
கழற்றியது தொலைந்துபோகாமலிருக்க
ஒரே ஊசியில் தொங்கவிடுவார்கள்;
அங்கேயே இருக்கும், எதையும் இணைக்காது.
ஒன்றரையில் மூன்றில் இரண்டு: ஒன்று.
நான் ஒருபோதும் பார்த்திராத ஹெ. ட்சு.
கணக்குப் போட்டு இரண்டு அறைக்கும் ஊட்டியிருக்கிறார்.

போன பங்குனியில் தூசி தட்டத் திறந்து
இது யாருடைய அசட்டை என்று முணுமுணுத்து
ஏழாவதை நேராக்கி அழுத்தி மாட்டியது
நான்தான்.
டிக் என்ற அந்தச் சின்ன இறுக்கம்
விரலுக்கு இன்னும் ஞாபகம்.

இடுக்கியால் மேலே இழுத்து
ஓர் ஊசிக்கு நகர்த்தினேன்.
ஒற்றைக்காலில் நில்.
மின்னைக் கொடுத்ததும் திரையில் அலை எழும்பி
ஒரு வோல்ட்டில் நின்றது.

நாடாவில் கொஞ்சம் இடம் இருந்தது.
தேதி போட்டேன்.
அதன் கீழே தமிழில் ஓம் என்று எழுதினேன்.
அடுத்துத் திறக்கிறவர் என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும்.
சுவர் ஓட்டையைப் பற்றி அஷ்லிமானிடம்
திங்கள் கதைக்க வேண்டும். அல்லது செவ்வாய்.

கழற்றியது எட்டுத் திருகாணி.
கையில் இருப்பது ஏழு.
மறுபடி மின்னை நிறுத்தி
பெருக்கியைச் சாய்த்துக் குலுக்கினேன். உள்ளே சத்தமில்லை.
நல்லது.
மறுபடியும் முழங்காலில்,
அந்தப் பேனா மூடி கிடந்த பக்கம்.