பதினொரு கண் பாலம்

கலைக்களஞ்சியம் பதினொன்று என்றது.
போர்ச்சுகலின் வடகிழக்கு மூலையில்
பிப்ரவரிக் குளிரில் கையுறையைக் கழற்றி
இவோன் சர்மென்ட்டோ விரல்விட்டு எண்ணினாள்.
ஒன்பது.
மறுகரைக்குப் போய் அங்கிருந்தும் எண்ணினாள்.
ஒன்பதேதான்.

யாரும் வந்து யாரும் எழுதிப்போகும் பக்கம்.
தண்ணீர்ப்பந்தல் குவளை,
எத்தனை வாய் பட்டதோ.

பதினொன்று என்ற சொல்லின் தோளில்
சிறியதாய் ஒரு நான்கு.
நான்கைத் தொட்டால் ஒரு நாளிதழ்.
நாளிதழ்க்காரனைத் தொலைபேசியில் பிடித்தாள்.
இருமிவிட்டுச் சொன்னான்:
"இணையத்தில்தான் பார்த்தேன், அம்மணி.
அந்தக் கலைக்களஞ்சியத்தில்."

கடன் வாங்கியவனே
தனக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தான்.

அன்றிரவு விடுதி அறையில்
போர்வைக்குள் மடிக்கணினி.
பதினொன்றை அழித்து ஒன்பது என்று வைத்தாள்.
காரணம்: நேரில் எண்ணினேன்.
ஆய்வேட்டின் முன்னுரைக்குக்
காரமாய் ஒரு வாக்கியமும் தயார்.

நான்கே நிமிடம்.
பதினொன்று திரும்பி வந்து
தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

மாற்றியவன் பெயர் கெண்டை77.
பேச்சுப் பக்கத்தில்
புள்ளி, கமா எதுவுமின்றி எழுதியிருந்தான்:

"வலது கரையில் முள்வேலி தாண்டிப் போனால்
பாப்ளர் மரங்கள் நிற்கும் மேடு
அதற்கடியில் இரண்டு கண் மூடிக்கிடக்கிறது
வண்டல்
சாக்கடைக் குழாய்க்குத் தோண்டினபோது
என் பொக்லைன் வாளி கல்லில் இடித்தது
இறங்கிப் பார்த்தேன் வளைவு
கல்லில் கொத்தனின் குறி கோழிக்கால் மாதிரி
பொறியாளர் மூடச் சொன்னார் மூடினேன்
சான்று கேட்காதே
என்னிடம் கை மட்டும்தான் இருக்கிறது"

அவனது பழைய திருத்தங்களைத் தோண்டினாள்.
ஏழு வருடம்; எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு.
ஒரு கால்பந்துக் குழுவின் கோல் கணக்கு
(தப்பு, வேறு யாரோ திருத்தியிருக்கிறார்கள்).
ஆட்டுப்பால் கட்டியின் கொழுப்பு விகிதம்.
மூடிவிட்ட ரயில் நிலையங்கள்,
ஒவ்வொன்றுக்கும்
தண்டவாளம் பிடுங்கிய தேதி.
ஒருமுறை மேயரின் பக்கத்தில் கெட்ட வார்த்தை;
பன்னிரண்டு நாள் தடை.

நம்பலாமா இவனை?
மேயர் விஷயத்தில் கூடாது.
தண்டவாளத்தில்?

நகராட்சி அனுமதிக்கு மூன்று மாதம்.
மே மாதம் பொக்லைனோடு வந்தான்,
பெயர் அடேரித்து,
பற்பசை விளம்பரம் போட்ட தொப்பி.
அதிகம் பேசவில்லை.
இரண்டு மீட்டர் ஆழத்தில் வாளியை நிறுத்தி
எந்திரத்தை அணைத்தான்.
மண்வெட்டி. பிறகு துடைப்பம். பிறகு அவள் விரல்.

பத்தாவது கண் திறந்தது,
உள்ளே ஈரமும் ஒரு சோடா மூடியும்.
கோழிக்கால்.

பதினொன்றாவது
பக்கத்து நிலக்காரரின் மாட்டுத்தொழுவத்துக்குக் கீழே.
அவர் தலையாட்டினார், பக்கவாட்டில்.
அங்கே அதற்கு இல்லை என்று பொருள்.

ஆய்வேட்டில், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில்,
அவள் எழுதியது இவ்வளவுதான்:
பத்துக் கண்கள் உறுதி.
பதினொன்றாவது இருப்பதாக
எந்திர ஓட்டுநர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில்
எதையோ தேடப்போய் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.
பதினொன்று.
அதன் தோளில் அதே நான்கு.
தொட்டால்,
சர்மென்ட்டோ, பக்கம் 112.

பொய்யில்லை. மெய்யென்றும் சொல்ல முடியாது.
நூற்றுப்பன்னிரண்டு வரை
யார் புரட்டப்போகிறார்கள்?
அவள் வேறொருவர் புத்தகத்தில்
எத்தனை முறை புரட்டியிருக்கிறாள்?

காபி ஆறும்வரை யோசித்தாள்.
பிறகு தன் பெயருக்குப் பக்கத்திலேயே
அடைப்புக்குறிக்குள் வைத்தாள்:
சான்று தேவை.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.
யாரோ எடுத்துவிட்டார்கள், கெண்டை அல்ல,
ஊர் பேர் தெரியாத ஓர் எண்.
காரணம் மட்டும் எழுதியிருந்தது:
சான்றுதான் இருக்கிறதே.